மூன்று ஆள் உயர நெருப்பு

ஹூஷங் அந்தப் பொய்யைச் சொன்னபோது ஃபிரிட்ஜ் மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தது. தெற்கே கடலோரத்து ஆபாதானில் லாரி ஏற்றிய சாமான்கள் மலையூரான ஹமதானில் வந்து இறங்கிய நாள் அது. கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அவர்கள் பிடித்திருந்த வீடோ நான்காவது மாடி. கூப்பிடாமலேயே வந்து ஃபிரிட்ஜின் மறுமுனையைப் பிடித்தவர் இரண்டாவது மாடி நுஸ்ரத். மல்யுத்தக்காரர்களுக்குச் சுளுக்கு எடுப்பது அவர் தொழில். மூச்சு வாங்க நின்ற இடத்தில், புதிதாக வந்தவனிடம் ஏதாவது பேச வேண்டுமே என்று அவர் கேட்டார்.

“உங்க ஊரு பூரா வெயிலுதானே. சூரிக்கு நெருப்பெல்லாம் மூட்டுவீங்களா?”

வருஷத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை மாலை, அதுதான் சூரி, நெருப்பு மூட்டித் தாண்டாத ஊர் அந்த நாட்டிலேயே கிடையாது. அது நுஸ்ரத்துக்குத் தெரியாததல்ல. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். ஹூஷங் சும்மா விடுகிற ஆளா?

“மூட்டுவீங்களாவா? கா, எங்க ஊரு சூரி நெருப்பைப் பாத்துட்டு, கடலுக்குப் போன கப்பல்காரன் கலங்கரை விளக்குன்னு நெனச்சு திரும்பி வந்துடுவான். மூணு ஆள் உயரம். வருஷா வருஷம் நான்தான் தாண்டுவேன். ஓடி வந்து இல்ல, நின்ன எடத்துலேர்ந்து.”

ஆபாதானில் எல்லோரும் எல்லோரையும் ‘கா’ என்பார்கள். அண்ணன் என்றும் வைத்துக்கொள்ளலாம், தம்பி என்றும் வைத்துக்கொள்ளலாம். நுஸ்ரத் இரண்டில் எது என்று யோசிப்பதுபோல் ஒரு கணம் நின்றுவிட்டு, “அப்படியா” என்றார்.

இரண்டு படி கீழே, டீக்கு வெந்நீர் போடும் சமோவாரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அவன் மனைவி ஃபரங்கீஸ், அந்த ‘அப்படியா’வைக் கேட்டதும் அதைப் படியில் இறக்கி வைத்தாள். அவள் பார்த்த நெருப்பு முழங்கால் உயரம். அதைத் தாண்டும்போதே அவள் புருஷனின் பேன்ட் விளிம்பு பற்றிக்கொள்ள, யாரோ ஒரு புண்ணியவதி தர்பூசணி கழுவி வைத்திருந்த வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினாள். அது போகட்டும். ஆபாதானில் இந்தப் பொய்க்கு ஒரு ஆபத்தும் கிடையாது. அங்கே ஒருவன் பத்து என்றால் கேட்பவன் எட்டைக் கழித்துக்கொள்வான். சொல்பவனும் அதற்கு இடம் விட்டுத்தான் பத்து என்பான். இங்கேயோ நுஸ்ரத் ஒன்றையும் கழிக்கவில்லை. மூன்று ஆளையும் முழுசாக வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“உன் நாக்குக்கும் ஒரு பூட்டு வாங்கியிருக்கலாம்” என்றாள் அன்றைக்குக் கதவைச் சாத்தியதும்.

“மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னேன். அதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சுக்கப் போறா?”

மூன்றரை மாதம் போயிற்று. ஹூஷங் மின்நிலையத்தில் கொதிகலன் பார்க்கும் வேலைக்குப் போனான், வந்தான். மகள் ரோஷனக் பதின்மூன்று வயதுக்குரிய முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். ஃபரங்கீஸ்தான் வீட்டோடு கிடந்தாள். மாடிப்படியில் பார்ப்பவர்கள் ‘சௌக்கியமா’ என்பார்கள். அவளும் ‘சௌக்கியம்’ என்பாள். அவ்வளவில் இரண்டு பக்கமும் கதவு சாத்திக்கொள்ளும். ஆபாதானில் அவள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்ததா என்றே அவளுக்கு நினைவில்லை. யார் வருகிறார், யார் போகிறார் என்ற கணக்கே கிடையாது. இங்கே ஒருநாள் அழைப்பு மணி அடித்தது என்று ஓடிப்போய்த் திறந்தால், மீட்டர் பார்க்க வந்தவன். அவனுக்கு இரண்டு குவளை டீ கொடுத்து அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவன் மீட்டரைக் கீழேயே பார்த்துவிட்டுப் போய்விடுவதாகக் கேள்வி.

சூரிக்கு ஐந்து நாள் இருக்கும்போது கீழ்த்தளத்துச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஒட்டியவர் முதல் மாடி பெஹ்ஜத் கராகுஸ்லு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் கணக்குப் பாடம் நடத்தி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். கட்டடத்துக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. நாற்பது வயது ஆண்கள்கூட அவரைப் ‘பெரிய டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ரோஷனக் அறிவிப்பைப் படித்துவிட்டு நாலு மாடியும் மூச்சிறைக்க ஏறி வந்தாள்.

“அம்மா, நாம வேற ஊருக்குப் போயிடலாம்.”

“இப்பதானேடி வந்தோம்.”

“கீழ போய்ப் படிச்சுப் பாரு. அப்பா மானத்தை வாங்கிட்டாரு.”

ஃபரங்கீஸ் இறங்கிப் போய்ப் படித்தாள். அடித்தல் திருத்தல் இல்லாத முத்து முத்தான கையெழுத்து.

‘செவ்வாய் மாலை ஆறு மணிக்கு முற்றத்தில் நெருப்பு மூட்டப்படும். வெடிகளுக்குக் கண்டிப்பாக அனுமதி இல்லை. நான்காவது மாடி திரு. ஹூஷங் அவர்கள், நின்ற இடத்திலிருந்து, மூன்று ஆள் உயரம் (ஆளுக்கு 1.75 மீட்டர் வீதம் 5.25 மீட்டர்) தாண்டிக் காட்டுவார். எல்லா வீட்டாரும் தவறாமல் வரவும்.’

அன்று மாலை வேலையிலிருந்து வந்த ஹூஷங், அறிவிப்பின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது. மேலே வந்தபோது காதுவரை வெளுத்திருந்தான்.

“கால் மீட்டரைக்கூட விடல, ஃபரங்கீஸ்” என்றான் பரிதாபமாக.

“கணக்கு டீச்சர். எப்படி விடுவாங்க?”

திங்கட்கிழமை காலையில் ஹூஷங்குக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கம்பளிச் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் படுத்து, கண்ணை மூடி முனகினான்.

“இடுப்புக்குத்தான் வந்திருக்கு. நாக்குக்கு ஒண்ணும் இல்லியே?” என்றாள் ஃபரங்கீஸ்.

“வலியில இருக்கிறவன்கிட்டப் பேசற பேச்சா இது?”

“எந்தப் பக்கம் வலி?”

ஹூஷங் கொஞ்சம் யோசித்து, “வலப்பக்கம்” என்றான்.

“மொதல்ல இடப்பக்கம்னு சொன்னே.”

“நகர்ந்து போயிருக்கு.”

இந்தச் செய்தி எப்படிக் கீழே போயிற்று என்பது இன்றுவரை தெரியாது. ரோஷனக், தான் இல்லை என்று சத்தியம் செய்கிறாள். சாயங்காலம் நுஸ்ரத் ஒரு தைலக் குப்பியோடு வந்து நின்றார். “பெரிய டீச்சர் அனுப்பினாங்க” என்று ஒரே வரி. அப்புறம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஹூஷங்கைக் குப்புறப் புரட்டி, நூற்றுப்பத்து கிலோ மல்யுத்தக்காரர்களை மடக்குகிற கைகளால் மடக்கினார். கட்டில் கத்தியது. அதைவிடச் சத்தமாக ஹூஷங் கத்தினான். கால் மணி நேரம் கழித்து நுஸ்ரத் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஒரு குத்தமும் இல்ல. குதிரை இடுப்பு. அஞ்சேகால் என்ன, ஆறே தாண்டலாம்.”

அவர் போனபிறகு ஹூஷங் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். இப்போது நிஜமாகவே இடுப்பு வலித்தது. ஆனால் அதை இனி யார் நம்புவார்கள்?

செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்தே அக்கம்பக்கத்துத் தெருக்களில் வெடிச்சத்தம் கேட்க ஆரம்பித்தது. அல்வந்த் மலை முழுக்க இன்னும் பனி. வானம் தாழ்ந்து சாம்பல் நிறத்தில் கிடந்தது. ரோஷனக் ஐந்து மணிக்கே பித்தளைக் கிண்ணமும் கரண்டியும் எடுத்து வைத்துக்கொண்டாள். சூரி வழக்கப்படி, சாதரால் தலையிலிருந்து கால்வரை, முகத்தையும் சேர்த்து மூடிக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் கிண்ணத்தைக் கரண்டியால் தட்ட வேண்டும். வாய் திறக்கக் கூடாது. யார் என்று தெரியாமலே வீட்டுக்காரர்கள் பிஸ்தாவோ உலர்ந்த அத்தியோ போடுவார்கள். ஆபாதானில் ரோஷனக்கை நடையைப் பார்த்தே எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே அவள் நடை யாருக்கும் தெரியாது என்பதில் அவளுக்கு ஒரே குஷி.

“நீயும் வாம்மா. தனியா போனா பயமா இருக்கு.”

ஃபரங்கீஸுக்கும் ஆசைதான். முகத்தைக் காட்டிக்கொண்டு தட்ட முடியாத கதவுகளை முகத்தை மூடிக்கொண்டாவது தட்டிப் பார்க்கலாமே. பூப்போட்ட சாதரைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தால், அங்கே மூன்றாவதாக ஓர் உருவம் நின்றது. ஆறடி உயரம். நீலப் பூப்போட்ட சாதர் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெள்ளைத்தோல் கூர்முனை ஷூ.

“என்ன மனுஷா இது?”

“ஆறு மணிக்கு என்னைத் தேடி வீட்டுக்கு வருவாங்க. நான் வீட்டுல இருக்க மாட்டேன். பொய் இல்ல பாரு” என்றது சாதர்.

“அது என் நல்ல சாதர். கிழிச்சே, தொலைஞ்சே.”

மூன்றாவது மாடியில் இரண்டு கைப்பிடி உப்புப் பட்டாணி கிடைத்தது. இரண்டாவது மாடியில் நுஸ்ரத்தின் மனைவி அஃப்ஸானே பிஸ்தா போட்டாள். கதவைச் சாத்துமுன் மூன்று உருவங்களையும் இன்னொரு தரம் பார்த்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் மாடியில் பெரிய டீச்சர் கதவைத் திறந்தார். உள்ளே கீரையும் அவரைப்பருப்பும் போட்டுக் கொதிக்கிற ஆஷ் கஞ்சியின் மணம். கிண்ணத்தில் வாதுமைப் பருப்பு போட்டுக்கொண்டே அவர் கண் மெதுவாகக் கீழே இறங்கி, வெள்ளை ஷூவில் நின்றது.

“உயரமான கானும்” என்றார் அந்த உருவத்தைப் பார்த்து, யாரோ ஓர் அம்மாளைக் கூப்பிடுவதுபோல். “உங்களுக்கு நாலாவது மாடி ஹூஷங்கைத் தெரிஞ்சிருக்கும்.”

நீலப் பூக்கள் மேலும் கீழும் ஆடின.

“பார்த்தா அவர்கிட்டச் சொல்லுங்க. நான் கணக்கு டீச்சர். அஞ்சேகால் மீட்டரை மனுஷப் பிறவி தாண்டாதுன்னு எனக்குத் தெரியும். உலக சாதனையே ரெண்டரை மீட்டர் எட்டல.”

பூக்கள் அப்படியே நின்றுவிட்டன.

“அப்புறம் ஏன் எழுதி ஒட்டினேன்னு கேப்பீங்க. கேக்க முடியாது, வாயைத் திறக்கக் கூடாது. நானே சொல்றேன். இந்தக் கட்டடத்துல எட்டு வீடு. ஆறு வருஷமா சூரிக்கு ஒரு வீடு கீழ எறங்கினதில்ல. அவங்கவங்க ஜன்னல்ல நின்னு அடுத்த தெரு வாணத்தைப் பாக்கறது, திரையை இழுத்து மூடறது. ‘எல்லாரும் வாங்க, ஆஷ் வச்சிருக்கேன்’னு வருஷா வருஷம் எழுதி ஒட்டினேன். நானேதான் மூணு நாள் அந்த ஆஷைச் சாப்பிட்டேன். இந்த வருஷம், ஒருத்தர் விழறதைப் பாக்க வாங்கன்னு எழுதாம எழுதினேன். எட்டு வீடும் வருது.” கிண்ணத்தில் இன்னும் நாலு பருப்பு விழுந்தது. “அவர் தாண்ட வேண்டாம். வந்து விழுந்தா போதும். ஆனா கொஞ்சம் ஜோரா விழச் சொல்லுங்க.”

கதவு சாத்தியதும் ஃபரங்கீஸ் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சாதருக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு!” என்றான் ஹூஷங் கிசுகிசுப்பாக.

“உனக்கு மட்டும்தான் தெரியல.”

சிரித்து ஓய்ந்ததும், மூன்று நாள் ஆஷ் என்றது அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளாக அந்தத் திரைகள் தங்கள் மூன்று பேருக்காகத்தான் மூடியிருக்கின்றன என்று நினைத்திருந்தாள். கடைசியில் பார்த்தால் எட்டு வீடும் ஒன்றுக்கொன்று மூடிக்கொண்டு கிடந்திருக்கிறது.

மேலே ஓடிப்போய் உடை மாற்ற ஹூஷங்குக்கு நேரம் கிடைக்கவில்லை. மணி ஆறானதும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கோட்டும் குல்லாவுமாக ஜனம் திமுதிமுவென்று இறங்க, சாதர் போட்ட மூன்று பேரையும் வெள்ளம் அடித்துப்போவதுபோல் அடித்து முற்றத்தில் கொண்டுபோய் விட்டது.

முற்றத்தின் நடுவில் காய்ந்த முட்செடிக் கட்டுகள் அடுக்கியிருந்தன. காய்ந்தது என்பது பேருக்குத்தான். முந்தின நாள் பனியில் நனைந்து ஊறிப் போயிருந்தன. நுஸ்ரத் மண்ணெண்ணெய் ஊற்றித் தீக்குச்சி போட்டார். ‘புஸ்’ஸென்று நீலமாக ஒரு நாக்கு எழுந்து, வெட்கப்பட்டதுபோல் உள்ளே போய்விட்டது. மறுபடி ஊற்றினார். புகை மட்டும் வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு முப்பது பேர் சுற்றி நின்றார்கள்.

“தாண்டறவரு எங்கே?” என்றது ஒரு குரல்.

“அவருக்கு இடுப்புன்னாங்களே.”

“இடுப்பை நானே பாத்தேன். நல்லா இருக்கு” என்றார் நுஸ்ரத், தொழில் கௌரவம் போய்விடக்கூடாதே என்று.

ஐந்து நிமிஷம் போயிற்று. பனி பூப்பூவாக விழத் தொடங்கியது. ஓரத்தில் நின்ற ஒரு குடும்பம் மெல்லக் கதவுப் பக்கம் திரும்பியது. அவர்களைப் பார்த்து இன்னொன்று. பெரிய டீச்சர் கையிலிருந்த தீப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கையைப் பார்த்ததும் ஃபரங்கீஸுக்குப் பொறுக்கவில்லை. முகத்திலிருந்து சாதரை விலக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

“நான் நாலாவது மாடி. ஹூஷங்கோட சம்சாரம்” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “மூணு ஆள் உயர நெருப்பைத் தாண்டினேன்னு என் வீட்டுக்காரர் சொன்னது பொய்.”

கதவுப் பக்கம் போனவர்கள் நின்றார்கள். நீலப் பூச்சாதர் ஒரு அங்குலம் குறுகியது.

“நாலு ஆள் உயரம். மனுஷர் அடக்கமானவரு, புது ஊருன்னு ஒண்ணைக் கொறச்சுச் சொல்லிட்டாரு.”

ஃபரங்கீஸ் விடவில்லை.

“அந்த வருஷம் தாண்டும்போது பேன்ட்டுல ஒரு கால்ல நெருப்பு புடிச்சுது. அணைக்கணும்னு ஓடினாரு. ஓடின வேகத்துல காத்து அடிச்சு இன்னொரு காலும் புடிச்சுது. நேராப் போய் ஆத்துல விழுந்தாரு. ஆறு கொதிச்சுப் போச்சு. காலையில பாத்தா ஊரே சட்டி பானையோட கரையில நிக்குது. வெந்த உல்லம் மீனு, அள்ள அள்ள வருது. எதிர்க்கரைக்காரங்க மூணு நாள் அடுப்பே மூட்டல.”

பனி விழுகிற சத்தம்கூடக் கேட்கும்போல இருந்தது. இவர்கள் பத்துக்குப் பத்தும் வாங்கிக்கொள்கிற ஜனம் என்பது ஃபரங்கீஸுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பெரிய டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“உப்பு?” என்றார்.

“என்ன டீச்சர்?”

“மீன் வெந்துதுன்னீங்க. உப்பு யாரு போட்டது?”

“கடல் ஏறி வர்ற ஆறு, பெரிய டீச்சர். உப்பு தானா இருக்கும். எலுமிச்சம்பழம் மட்டும் அவங்கவங்க கொண்டு வரணும்.”

முதலில் விக்கல்போல ஒரு சத்தம் வந்தது. அது அஃப்ஸானே. அடக்க முடியாமல் அவள் சிரித்துவிட, பக்கத்தில் ஒன்று, பின்னால் ஒன்று என்று முற்றம் முழுக்கச் சிரிப்பு பரவியது. சாதருக்குள் ஹூஷங் துடித்தான். “கா, மீன் அளவைச் சொல்லலியே…” என்று உள்ளேயிருந்து முனகல் கேட்டது. ஃபரங்கீஸ் அவன் காலை ஒரு மிதி மிதித்தாள்.

அப்போது நுஸ்ரத் தொண்டையைக் கனைத்தார். இந்த மூன்றரை மாதத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு வரிக்கு மேல் பேசி ஃபரங்கீஸ் கேட்டிராத மனிதர்.

“எங்க ஊரு குளிரைப் பத்தி உங்களுக்கு யாரும் சொல்லலியா? எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். சுவத்தோரமா நின்னுட்டிருந்தேன். குளிர்ல என் நிழல் சுவத்தோட ஒட்டிக்கிச்சு. நான் வீட்டுக்கு வந்துட்டேன், நிழல் அங்கேயே நிக்குது. வசந்தத்துல வெயில் வந்தப்புறம்தான் எங்கப்பா கரண்டி வச்சு உரிச்சு எடுத்தாரு.” தோளைத் தடவிக்கொண்டார். “எடது தோள்பட்டைகிட்ட இன்னும் கொஞ்சம் கிழிசல் இருக்கு.”

முப்பது பேரும் குனிந்து, விளக்கு வெளிச்சத்தில் தரையில் கிடந்த நுஸ்ரத்தின் நிழலைப் பார்த்தார்கள். ஒருவர் “ஆமா, இருக்கு” என்றார். அதற்கு எழுந்த சிரிப்பில் மூன்றாவது மாடிக் கைக்குழந்தை பயந்து அழுதது.

பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் சரசரவென்று வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது இரண்டு கையாலும் ஒரு தகரப்பெட்டியைத் தூக்கி வந்தார். ஃபரங்கீஸ் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தாள். பெட்டியைத் திறந்தால், வாய்வரை வெடிகள்! வாணம், சங்குச்சக்கரம், கம்பி மத்தாப்பு, ‘குளவி’ என்று பிள்ளைகள் சொல்லும் பறக்கிற வெடி. ஒவ்வொன்றும் பழைய செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, அதில் ஒரு சீட்டு.

“வெடிக்கு அனுமதி இல்லைன்னு நீங்கதானே டீச்சர் எழுதினீங்க?” என்றாள் ரோஷனக், சாதரை விலக்கிக்கொண்டு.

“இதெல்லாம் வெடி இல்ல. பறிமுதல்” என்றார் பெரிய டீச்சர். “முப்பத்தோரு வருஷம் பிள்ளைங்க பையிலேர்ந்து புடுங்கினது.”

அஃப்ஸானே பெட்டியருகே மண்டியிட்டு ஒவ்வொரு சீட்டாகப் படித்தாள். திடீரென்று “அய்யோ!” என்று கத்தினாள். “என் பேரு! ‘அஃப்ஸானே, எட்டாம் வகுப்பு, மூன்று குளவி.’ இருபது வருஷத்துக்கு முந்தின தேதி! டீச்சர், படிப்பு முடிஞ்சதும் திருப்பித் தர்றேன்னு சொன்னீங்களே!”

“நீ வந்து கேக்கலியே.”

முதலில் எடுத்த வாணம் ‘சுர்’ என்றது, அவ்வளவுதான். அடுத்ததும் அப்படியே. சங்குச்சக்கரம் அரைச் சுற்று சுற்றி, களைத்துப் படுத்துவிட்டது. மத்தாப்பு மட்டும் பரவாயில்லை. ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு பெரியவர்களும் வட்டம் போட்டார்கள். “இருபது வருஷம் ஆச்சு, மருந்தெல்லாம் செத்துப் போயிருக்கும்” என்று நுஸ்ரத் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அஃப்ஸானே தன் முதல் குளவியைத் தரையில் வைத்துத் திரியில் நெருப்பு வைத்தாள்.

அது சாகவில்லை. இருபது வருஷக் கோபத்தையும் சேர்த்து வைத்திருந்தது. ‘விர்ர்ர்’ரென்று சுழன்று எழுந்து, தகரப்பெட்டியை ஒரு சுற்று சுற்றி, கூட்டத்தில் யாரைப் பிடிக்கலாம் என்று தேடுவதுபோல் தரையோடு தரையாகச் சீறி, நேராக வெள்ளை ஷூவை நோக்கி வந்தது.

“யம்மாடி!” என்றது நீலப் பூச்சாதர், நல்ல ஆண் குரலில்.

சாதரை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹூஷங் ஓடினான். வலப்பக்கம் ஓடினால் குளவியும் வலப்பக்கம். இடப்பக்கம் ஓடினால் அதுவும் இடப்பக்கம். சுவரில் முட்டித் திரும்பினான். எதிரே இடுப்பளவு முட்செடிக் குவியல், பின்னால் குளவி. வேறு வழி? கண்ணை மூடிக்கொண்டு எம்பினான். நீலப் பூக்கள் காற்றில் விரிந்து, ஒரு பெரிய குடைபோல் குவியலுக்கு மேலே போயின. சாதர் ஒரு கிளையில் மாட்டித் தலையிலிருந்து உருவிக்கொள்ள, ஹூஷங் மட்டும் மறுபக்கம் பனியில் நாலு கால் பாய்ச்சலாக வந்து விழுந்தான். ஜோராகத்தான் விழுந்தான். பின்னாலேயே வந்த குளவி குவியலுக்குள் புகுந்தது. ஊற்றி ஊற்றி ஊறியிருந்த அத்தனை மண்ணெண்ணெயும் ஒரே மூச்சில் ‘பொக்’கென்று பற்றிக்கொண்டது.

நெருப்பு ஆள் உயரத்துக்கு எழுந்தது. ஃபரங்கீஸின் நல்ல சாதரும் அதோடு போயிற்று.

முற்றமே கூச்சல் போட்டது. கைதட்டல், விசில். ரோஷனக், தான் இன்னார் மகள் என்பதையே மறைக்க நினைத்தவள், “எங்கப்பா! அது எங்கப்பா!” என்று குதித்தாள். ஹூஷங் பனியில் உட்கார்ந்தபடி தன் கை காலெல்லாம் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்துக்கொண்டான். நுஸ்ரத் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, “இடுப்பு?” என்றார்.

“கா, இப்ப நெசமாவே வலிக்குது.”

“காலையில வாங்க” என்றார் நுஸ்ரத். ஹூஷங் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டான்.

நெருப்பு தணிந்து தாண்டும் அளவுக்கு வந்ததும் பிள்ளைகள் முதலில் தாண்டினார்கள். ‘என் மஞ்சள் உனக்கு, உன் சிவப்பு எனக்கு’ என்று நெருப்பிடம் நோயைக் கொடுத்து நிறத்தை வாங்கிக்கொள்ளும் அந்தப் பழைய வரியை ஒவ்வொருவரும் கத்திக்கொண்டு போனார்கள். அஃப்ஸானே எட்டாம் வகுப்புப் பிள்ளைபோல நான்கு தரம் தாண்டினாள். பெரிய டீச்சர் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து ஃபரங்கீஸ் போய்க் கையைப் பிடித்தாள்.

“எனக்கு முட்டி மடங்காது, விடுங்க.”

“ஓரமா, சின்னதா எரியற எடத்துல போலாம். நான் புடிச்சுக்கறேன்.”

“விழுந்தா?”

“ஜோரா விழணும், அவ்வளவுதான்.”

பெரிய டீச்சர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஒரு சாண் உயர நெருப்பை ஃபரங்கீஸோடு சேர்ந்து தாண்டினார். இரண்டு பேரும் விழவில்லை. தாண்டியபிறகும் அவர் கையை விட மறந்துவிட்டார்.

பனி கனத்ததும் எல்லோரும் உள்ளே ஓடினார்கள். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மாடிப்படியிலேயே, படிக்கு இரண்டு பேராக, முதல் மாடியிலிருந்து மூன்றாவது மாடிவரை உட்கார்ந்துவிட்டார்கள். பெரிய டீச்சர் ஆஷ் அண்டாவை வாசற்படியில் வைத்து ஊற்ற ஊற்ற, கிண்ணங்கள் கை மாறி மாறி மேலே போயின. வழியில் ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டதால் மேல்படிக்காரர்களுக்குக் காலிக் கிண்ணம்தான் போய்ச் சேர்ந்தது. மேலேயிருந்து வசவு விழுந்தது. கீழேயிருந்து பதில் போயிற்று. நடுவில் ஹூஷங் தன் பங்குக்கு ஆபாதான் மீனின் அளவைக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். சுற்றி இருந்தவர்கள் “கொஞ்சம் கழிச்சுக்குங்க”, “அவ்வளவு வேண்டாம், பாதி போதும்” என்று பேரம் பேசினார்கள். அவனுக்கு அதில் பரம சந்தோஷம்.

ஃபரங்கீஸ் அஃப்ஸானேயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருவர் உடம்பிலும் புகை நாற்றம். அஃப்ஸானே மீதமிருந்த இரண்டு குளவியையும் மடியில் பத்திரமாக வைத்திருந்தாள்.

“புத்தாண்டு மேசையில வைக்கத் தங்கமீன் வாங்கிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“எங்க விக்கறாங்கன்னே தெரியாது. இந்த ஊர்ல எனக்கு ரொட்டிக் கடையும் பள்ளிக்கூடமும்தான் தெரியும்.”

“நாளைக்கு நான் போறேன். பெரிய கடைத்தெருல ஒருத்தன் இருக்கான், செத்த மீனைக்கூட நீந்த வச்சு வித்துடுவான். கூட ஒரு ஆள் இருந்தா நல்லது. வர்றீங்களா?”

“எத்தனை மணிக்கு?” என்றாள் ஃபரங்கீஸ்.

“ஒம்போது. நடந்தே போயிடலாம்.”

அதற்குள் மேல்படியிலிருந்து யாரோ, தங்கள் கிண்ணத்தை எவன் அமுக்கிக்கொண்டான் என்று சத்தம் போட ஆரம்பித்தார்கள். ஃபரங்கீஸ் தன் மடியிலிருந்த இரண்டாவது கிண்ணத்தைச் சாதருக்குள் மறைக்கப் பார்த்தாள். முடியவில்லை. அஃப்ஸானே சிரித்துக்கொண்டே அதைப் பிடுங்கி மேலே அனுப்பினாள்.